பச்சை அட்டை நோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பழைய அலுவலகத்துத் தம்பி ஒருவர் அழைத்தார். ஒரு காலத்தில் என் குழுவில் திட்டமிடல் பொறியாளராக இருந்தவர். அப்போது என்னை "மேடம்" என்பார், இப்போது "அக்கா" என்கிறார். வேலையை விட்டுவிட்டு என்னைப் போலத் தனியாகத் திட்ட மேலாண்மை ஆலோசகர் ஆகலாமா என்பது அவர் கேள்வி. முக்கால் மணி நேரம் பேசினோம். சொல்ல வேண்டியதில் பாதியைக்கூட நான் சொல்லவில்லை என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல யோசிக்கும் வேறு சிலருக்கும் இது உதவலாம்.

நான் 2022 மார்ச்சில் வேலையை விட்டேன். பதினாறு வருடம் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இருந்தேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று தொழிற்சாலைக் கட்டடங்களாகவே பார்த்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கோயம்புத்தூர் சிங்காநல்லூர் வீட்டிலேயே நான் இருந்தாக வேண்டிய நிலை ஏற்பட்டது. கையில் 4,80,000 ரூபாய் சேமிப்பு. வீட்டுச் செலவு மாதம் 60,000. எட்டு மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். ஆனால் அந்த எட்டு மாதத்தில் முதல் நான்கு மாதம் ஒரு வேலைகூட வராது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முதல் தடை மொழியிலேயே இருந்தது. "திட்ட மேலாண்மை ஆலோசகர்" என்று முகவரி அட்டை அடித்து உறவினர்களிடமும் தெரிந்தவர்களிடமும் கொடுத்தேன். நம் ஊரில் திட்டம் என்றால் அரசாங்கத் திட்டம். மானியத்தோடு கடன் வாங்கித் தருவீர்களா என்று என் சித்தப்பாவே கேட்டார். சரி, ஆங்கிலச் சொல்லையே சொல்லிப் பார்ப்போம் என்று "ப்ராஜெக்ட்" என்றேன். கோயம்புத்தூர்த் தொழில்காரர்களுக்கு ப்ராஜெக்ட் என்றால் ஆடிட்டர் தயாரித்து வங்கியில் கொடுக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட். கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் ஒருவர், "எங்கள் ஆடிட்டரே செய்துவிடுவாரே, அம்மணி" என்று அன்பாகவே திருப்பி அனுப்பினார். மூன்றாவது மாதம் அட்டையில் இருந்த பதவிப் பெயரை எடுத்துவிட்டு, "புதிய தொழிற்சாலையைச் சொன்ன தேதியில் ஓட வைக்கும் வேலை" என்று அச்சடித்தேன். அதன் பிறகுதான் ஆட்கள் உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள்.

முதல் வேலையை முதலாளிகள் யாரும் தரவில்லை, ஒரு மின் ஒப்பந்ததாரர் மூலமாக வந்தது. ஓசூர் வேலையில் அவருடைய பில்களை நான்தான் சரிபார்த்துக் கொண்டிருந்தேன். வந்த பில்லை ஒரு வாரத்துக்கு மேல் மேசையில் வைத்திருக்க மாட்டேன், வெட்டுவதாக இருந்தால் ஏன் வெட்டினேன் என்று பக்கத்திலேயே எழுதிவிடுவேன். அதை அவர் ஐந்து வருடம் நினைவில் வைத்திருந்தார். தம்பிக்கு நான் சொன்ன முதல் விஷயம் இதுதான்: நீ இப்போது வேலை பார்க்கும் இடத்தில் உன்னோடு பழகும் ஒப்பந்ததாரர்களும் ஃபோர்மேன்களும்தான் நாளைக்கு உன்னைப் பற்றி வெளியில் பேசப் போகிறவர்கள். மேலதிகாரிகளின் பாராட்டுக் கடிதங்கள் என்னிடம் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்டதில்லை.

அவர் அனுப்பிய இடம் பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து தயாரிக்கும் ஒரு பட்டறை. கணபதியில் வாடகை ஷெட்டில் பதினான்கு இயந்திரங்கள். கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. லேத் ஒன்பது, உலோகத்தைக் குடைந்து வெட்டும் வி.எம்.சி. ஐந்து. மலுமிச்சம்பட்டிப் பக்கம் சொந்த இடத்தில் புதிய ஷெட் எழும்பிக் கொண்டிருந்தது. தை இரண்டாம் வாரத்தில் முகூர்த்தம் குறித்தாயிற்று. இயந்திரங்களை மாற்றும் நாட்களில் வாடிக்கையாளர்களுக்குச் சரக்கு நிற்கக் கூடாது. முதலாளி, அவர் தம்பி, படித்துவிட்டு வந்திருந்த மகன் மூவரும் பொறுப்பில் இருந்தார்கள். நான் போனது 2022 ஜூலை கடைசியில்.

போன அன்று எல்லோருடைய கண்ணும் கூரை மேல் இருந்தது. தகடு வரவில்லை, மழை வந்துவிடும் என்ற கவலை. மூன்று நாள் உட்கார்ந்து எல்லோரிடமும் கேட்டு, வேலைகளை ஒன்றன் பின் ஒன்றாக எழுதி, எதற்கு எது காத்திருக்கிறது என்று கோடு இழுத்தேன். கூரைக்கு ஏழு வாரம் தாராளமாக இருந்தது. இடமே இல்லாமல் நெருக்கியது மின்சாரம். பழைய ஷெட்டில் இருந்த தாழ்வழுத்த இணைப்பு புதிய சுமைக்குப் போதாது, உயரழுத்த இணைப்பு வேண்டும். அதற்கு விண்ணப்பம், மதிப்பீடு, பணம் கட்டுதல், ட்ரான்ஸ்ஃபார்மர் ஆர்டர், அது வந்து சேர மூன்று மாதம், அதற்கான மேடை, எர்த்திங், மின் ஆய்வாளரின் பாதுகாப்புச் சான்று, அதன் பிறகே மின்னூட்டம். இவை ஒன்றோடொன்று கோத்த கண்ணிகள், ஒன்றைத் தாண்டி மற்றொன்றைச் செய்ய முடியாது. கூட்டிப் பார்த்தால் தை முகூர்த்தத்துக்கு முன் பத்து நாள்தான் மிச்சம். ட்ரான்ஸ்ஃபார்மருக்கோ அன்றுவரை விலை கேட்டுக்கூட ஆள் போகவில்லை.

இதைத்தான் பொறியாளர்கள் கிரிட்டிக்கல் பாத் என்கிறோம். எந்தச் சங்கிலி ஒரு நாள் தளர்ந்தால் மொத்த வேலை முடியும் தேதியும் ஒரு நாள் தள்ளிப் போகுமோ, அந்தச் சங்கிலி. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் தன் ரசாயன ஆலை வேலைகளுக்காக உருவாக்கிய முறை இது. மோர்கன் வாக்கர், ஜேம்ஸ் கெல்லி என்ற இருவர் கணினியை வைத்துச் செய்தார்கள். பதினான்கு இயந்திரப் பட்டறைக்குக் கணினிகூடத் தேவையில்லை, ஒரு சார்ட் தாளும் பென்சிலும் போதும். எனக்குப் பிரைமவேரா, எம்.எஸ். ப்ராஜெக்ட் என்ற திட்டமிடல் மென்பொருள்கள் தெரியும். மென்பொருளில் போட்ட படத்தை அந்த முதலாளியிடம் காட்டியபோது அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். அதே விஷயத்தைச் சார்ட் தாளில் கையால் வரைந்து பட்டறைச் சுவரில் ஒட்டியபோதுதான் விரலை வைத்து, "இது ஏன் இதற்கு முன்னால் வருகிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்த நாளைத்தான் வேலை தொடங்கிய நாளாக நான் எண்ணுகிறேன்.

நாட்காட்டியும் நம்முடையதாக இருக்க வேண்டும். ஆடியில் யாரும் புதிதாக ஒப்பந்தம் பேச வரமாட்டார்கள். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 24. உடனே சட் பூஜை வருவதால் கான்கிரீட் வேலை செய்த பிஹார்த் தம்பிகள் அக்டோபர் நடுவில் ரயில் ஏறினால் நவம்பர் நடுவில்தான் திரும்புவார்கள். மார்கழியில் பூஜை போட மாட்டார்கள், ஆனால் சோதனை ஓட்டம் வைத்துக்கொள்ளலாம். ட்ரைமிக்ஸ் என்ற கான்கிரீட் தரை போட்ட பிறகு தண்ணீர் கட்டி ஆற விட வேண்டிய நாட்களைத் தீபாவளி விடுமுறையோடு பொருத்திவிட்டேன். ஆள் இல்லாத அந்த நாட்களில் தரை தன் வேலையைத் தானே பார்த்துக் கொண்டது. எனக்கு இன்றும் பிடித்த முடிவு அது.

இப்போது நாற்காலி விஷயத்துக்கு, அதாவது பதவி தரும் அதிகாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தனியாக வருகிறவர்களைக் கலங்க வைப்பது இதுதான். நிறுவனத்தில் நான் ஒரு தேதி சொன்னால் நடக்கும். என் திறமையால் நடக்கிறது என்று நினைத்திருந்தேன். பில்லில் கையெழுத்துப் போடும் கை என்னுடையது என்பதால் நடந்திருக்கிறது. மலுமிச்சம்பட்டியில் எனக்கு அந்தக் கை கிடையாது. தரை ஒப்பந்ததாரர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக் கொண்டு முதலாளியின் தம்பியிடம் போய் வேறு தேதி வாங்கிக் கொள்வார். அந்தத் தம்பி ஒன்று சொல்வார், மகன் ஒன்று சொல்வார். யார் சொன்னது கடைசி வார்த்தை என்று சாயங்காலம் யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் தூக்கமில்லாமல் இருந்தேன். திரும்பி வேலைக்கே போய்விடலாமா என்று அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து யோசித்த இரவுகள் அவை.

பிறகு ஒரு நீள நோட்டு வாங்கினேன். பச்சை அட்டை, 200 பக்கம். பக்கத்துக்கு ஆறு கட்டம்: நாள், என்ன முடிவு, யார் எடுத்தது, எத்தனை நாள் தள்ளும், எவ்வளவு பணம் கூடும், கையெழுத்து. சைட்டில் எந்த முடிவு எடுத்தாலும் அங்கேயே நின்று எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் முதலாளியின் முகம் வாடிவிட்டது. "வாய் வார்த்தையில் தொழில் செய்த குடும்பம் அம்மணி, என் பேச்சில் நம்பிக்கை இல்லையா?" என்றார். அவர் வருத்தம் நியாயமானது. அந்த ஊரில் அறுபது வருடமாக லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் வெறும் பேச்சில் நடந்திருக்கிறது. நான் அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "உங்கள் பேச்சை மற்ற இருவரும் அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளத்தான் இந்த நோட்டு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

அக்டோபர் தொடக்கத்தில் வாஸ்து பார்ப்பவர் வந்தார். கம்ப்ரஸர் அறை ஈசானிய மூலையில் இருக்கக் கூடாது, அக்னி மூலைக்குப் போக வேண்டும் என்றார். காற்றுக் குழாய்க்கான பள்ளம் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. நிறுவனத்தில் இருந்திருந்தால் இதை எதிர்த்து ஒரு கடிதம் எழுதியிருப்பேன். இங்கே அது அவர்கள் வீட்டு நம்பிக்கை, அவர்கள் பணம், வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. என்ன ஆகும் என்று சொல்லும் கடமை மட்டும் உண்டு. ஒரு மணி நேரம் கணக்குப் போட்டு நோட்டில் எழுதினேன்: ஒன்பது நாள், 1,85,000 ரூபாய். அதன் கீழேயே, இந்த ஒன்பது நாள் தை முகூர்த்தத்தைத் தொடாது, ஏனென்றால் குழாய் வேலைக்கு மூன்று வாரம் இடம் இருக்கிறது, ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மர் பத்து நாளுக்கு மேல் ஒரு நாள் தள்ளினாலும் தொட்டுவிடும் என்றும் எழுதினேன். முதலாளி இரண்டு முறை படித்தார். மாற்றச் சொல்லிக் கையெழுத்திட்டார். அன்று சாயங்காலமே ட்ரான்ஸ்ஃபார்மர் விற்பனையாளரை அவரே போனில் அழைத்துக் கேட்டார். டிசம்பரில் முதலாளியின் தம்பி, "காற்றுக் குழாய்க்கு ஏன் இரண்டு தடவை பணம்?" என்று சத்தம் போட்டபோது, மகன் நோட்டைக் கொண்டு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து முன்னால் வைத்தான். அதற்குப் பிறகு அந்த சைட்டில் தேதிக்காக யாரும் என்னைத் தாண்டிப் போகவில்லை.

மார்கழிக் கடைசியில் மின்னூட்டம் ஆனது. கார்த்திகை முழுவதும் இரவு ஷிப்ட் போட்டு பன்னிரண்டு நாள் சரக்கைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஹைட்ரா கிரேன் வைத்து முதலில் ஐந்து இயந்திரம் மட்டும் ஏற்றி, மட்டம் பார்த்து, அளவு சோதித்து, நல்ல துண்டு வெளியே வந்த பிறகே அடுத்த ஐந்துக்குக் கை வைத்தோம். முகூர்த்தத்தன்று முதல் ஐந்தும் ஓடின. எந்த வாடிக்கையாளருக்கும் ஒரு வண்டி சரக்கு தப்பவில்லை.

இந்த வேலைக்கு நான் வாங்கிய கூலி 40,000 ரூபாய். பத்து முறை போய் வந்தால் போதும் என்று நினைத்து, மொத்தமாக ஒரு தொகை சொல்லி, வேலை முடிந்ததும் தாருங்கள் என்றும் சொல்லியிருந்தேன். போனது 31 முறை. ஒரு நாளுக்கு 1,300 ரூபாய்கூட வரவில்லை. பிறகுதான் விலையைக் கணக்குப் போட உட்கார்ந்தேன். பழைய சம்பளம் வருடத்துக்கு 12 லட்சம். மென்பொருள், பயணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து 1,50,000. ஞாயிறும் பண்டிகையும் போக முந்நூறு நாள் இருந்தாலும், வேலை தேடுவதற்கும் எழுதுவதற்கும் காசுக்கு அலைவதற்கும் போகும் நாட்களுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். கூலி கிடைக்கும் நாள் 110 என்று வைத்தேன். பதின்மூன்றரை லட்சத்தை 110ஆல் வகுத்தால் 12,000க்குச் சற்று மேல். அந்த எண்ணைத் தாளில் பார்த்தபோது யார் தருவார்கள் என்று பயமாக இருந்தது. அடுத்த வாடிக்கையாளரிடம் சொன்னேன். எத்தனை நாள் ஆகும் என்றுதான் கேட்டார்.

தம்பிகள் தங்கைகள் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கமிஷன் வாங்காதீர்கள். முதல் வேலையிலேயே ஒரு விற்பனையாளர் இரண்டு சதவீதம் தருவதாகச் சொன்னார். என் மொத்தக் கூலியைவிட அது அதிகம், கையில் அப்போது காசும் இல்லை. வாங்கியிருந்தால், ட்ரான்ஸ்ஃபார்மர் தாமதமானபோது அவரை நான் எந்த வாயால் கேட்டிருப்பேன்? அன்றே முதலாளியிடம் சொன்னேன், அந்த இரண்டு சதவீதத்தை விலையில் குறைத்து வாங்கிக் கொண்டார். இப்போது என் ஒப்பந்தத்தின் முதல் வரியே, எந்த விற்பனையாளரிடமிருந்தும் எனக்குப் பணம் வராது என்பதுதான். தனியாக நிற்பவருக்கு அதைவிடப் பெரிய மூலதனம் எனக்குத் தெரியவில்லை.

வரி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மீதிக்கு ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடியுங்கள். முதல் பில்லுக்குக் கையில் வந்தது 36,000. மீதி 4,000 தொழில்முறைக் கட்டணத்துக்கான பத்து சதவீத வருமான வரிப் பிடித்தம். அது தொலைந்துபோன பணமில்லை, வருமான வரித் துறையில் நம் கணக்கில் நிற்கும், ஆனால் மாதச் செலவுக்கு உதவாது. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில்களுக்கு வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் ஒரு வழி இருக்கிறது, கணக்குப் புத்தகச் சுமை குறையும். சிறு, குறுந்தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். வேலையை விடும் வாரத்திலேயே செய்துவிடுங்கள், எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள்.

அந்த எண் எனக்கு ஒருமுறை கை கொடுத்தது. 2023 செப்டம்பரில் ஒருவருக்குப் பன்னிரண்டு நாள் வேலை செய்து 1,44,000க்குப் பில் கொடுத்தேன். முப்பது நாளில் தருவதாக ஒப்பந்தம். பிப்ரவரிவரை வரவில்லை. போன் செய்தால் எடுப்பார், மரியாதையாகப் பேசுவார், அடுத்த வாரம் என்பார். அப்பாவுக்கு மருந்து வாங்க நகையை அடகு வைத்த மாதம் அது. சிறுதொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லையென்றால் 15 நாளிலும் பணம் தந்தாக வேண்டும், தவறினால் வட்டியும் உண்டு. முறையிடக் குழுவும் இருக்கிறது. வழக்குக்குப் போக எனக்கு மனமில்லை. ஆனால் அந்த நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்திருந்தது. சிறு, குறுந்தொழிலுக்குக் காலத்தில் தராத பணத்தை, உண்மையில் தரும் வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். மார்ச்சில் அவர்களுடைய ஆடிட்டர் பில்லில் உத்யம் எண்ணைப் பார்த்திருக்கிறார். மார்ச் 28 அன்று முழுப் பணமும் வந்தது. அன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வராமல் நான் பேருந்து ஏறுவதில்லை.

பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் வேண்டுமா என்று தம்பி கேட்டார். நான் 2021இல் எழுதினேன், 180 கேள்வி, 230 நிமிடம். படித்தபோது என் அறிவில் இருந்த ஓட்டைகள் எனக்கே தெரிந்தன, அதற்காக அது வீண் இல்லை. பட்டறைக்காரர்கள் யாரும் கேட்டதில்லை. பெங்களூரு நிறுவனம் ஒன்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டது. உன் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்த பிறகு எழுது, தம்பி.

உன் விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளி போனஸை விட்டுவிட்டு வராதே. நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு நீ வெளியேறும் அன்றே நின்றுவிடும். அம்மாவையும் சேர்த்து இப்போதே தனியாக ஒன்று எடு, காத்திருப்புக் காலம் இன்றிலிருந்தே ஓடட்டும். பாப்பாவின் பள்ளிக் கட்டணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மாதச் செலவால் வகு. பன்னிரண்டு மாதம் வந்தால் பேசலாம். எட்டு வந்தால் இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்து, பில்களைத் தாமதிக்காமல் அனுப்பிக் கொண்டிரு. சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருபவர் போன பிறகு, ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வா. பச்சை நோட்டு இங்கேதான் இருக்கிறது, இப்போது ஏழாவது ஓடுகிறது. முதல் நோட்டின் 43ஆம் பக்கத்தில்தான் அந்தக் கம்ப்ரஸர் கணக்கு இருக்கிறது. அதைப் பார்க்காமல் நீயே ஒரு முறை போட்டுப் பார்.